சுவரை மூடும் முன் திறந்து பாருங்கள்: டிரெய்லர் இன்சுலேஷனில் நடக்கும் ஏமாற்று

காரில் இழுத்துச் செல்லும் முகாம் டிரெய்லர் ஒன்றின் சுவர் வேலைக்கான பில்லில் எழுதியிருந்தது: "சுவர் முழுக்க ஆர்-7 இன்சுலேஷன்." ஆர் என்பது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு; எண் கூடினால் தடுப்பும் கூடும். உள் பிளைவுட்டைக் கழற்றியதும் வந்தது 8 மி.மீ. வெள்ளி பபிள் ஷீட், ஒரே அடுக்கு, வெளித்தகட்டோடு பசை போட்டு ஒட்டியபடி.

குமிழ்கள் மட்டும் தருவது ஏறக்குறைய ஆர்-1. விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணுக்கு ஷீட்டின் வெள்ளி ஃபாயில் முகத்துக்கு முன்னே சுமார் 20 மி.மீ. அடைபட்ட காற்று இடைவெளி வேண்டும். தகட்டில் ஒட்டிய பக்கம் அதனால் வீண். உள்பக்கம் இடைவெளி இருந்தது, ஆனால் வயர் ஓட்டைகளும் மூலை இடுக்குகளும் அடைக்கப்படவில்லை. காற்று ஓடினால் அந்தப் பலனும் போச்சு. அப்படியே அடைத்திருந்தாலும் 7 வராது.

38 மி.மீ. ஆழமுள்ள மரச்சட்டத்தில் ஆர்-7 எட்ட, எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டியான ஃபோம் பலகை (அங்குலத்துக்கு ஆர்-5) ஆழம் முழுக்க நிரம்ப வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறைத்து வெட்டி, விளிம்பு இடுக்கில் ஜன்னலுக்கான குறைவாக உப்பும் ஃபோமை அடிப்பார்கள். சாதாரண ஃபோம் உப்பி மெல்லிய அலுமினியத் தகட்டைப் புடைக்க வைத்துவிடும். பசையும் ஃபோமுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கரைப்பான் கலந்த பசை பலகையையே தின்றுவிடும்.

இன்னொரு தவறு வெளியே தெரியாது. பிவிசி உறையிட்ட வயரை எக்ஸ்பிஎஸ், தெர்மாகோல் மேல் நேராகப் படியவிட்டால், உறையை மென்மையாக வைத்திருக்கும் பொருள் பலகைக்குள் இறங்கி, உறை விறைத்து வெடிக்கும். வயர் குழாய்க்குள் போக வேண்டும்.

"கூரை ஒழுகல் பிறகு பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். கூரை ஓரம், ஜன்னல், மார்க்கர் விளக்கு (டிரெய்லர் ஓரங்களில் இருக்கும் சிறு விளக்கு) எல்லாவற்றுக்கும் முதலில் புதிய பியூட்டைல் டேப், அதாவது நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் டேப். இல்லையேல் பலகைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி மரச்சட்டம் ஊறும். வாசனை வருவதற்குள் அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

ஒப்பந்தத்தில் "ஆர்-7" என்ற எண் மட்டும் போதாது. பொருளின் பெயர், தடிமன், சுவருக்கு எத்தனை பலகை என்று எழுதி வாங்குங்கள். பிளைவுட் ஏறும் முன் ஒவ்வொரு சட்டத்துக்கும், அளவு டேப் வைத்து, ஒரு படம். கடைசித் தவணை அதன் பிறகுதான்.

ஏற்கெனவே மூடிவிட்டார்களா? முதலில் மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்து, பிறகு சுவிட்ச் தகட்டைக் கழற்றி, மரக்குச்சியால் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். பலகை இருந்தால் குச்சி உடனே முட்டி நிற்கும்.