மார்மலேட் காய்ச்ச வாங்கிய வெப்பமானி: நான்கு தரம் பாவித்த பிறகு

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் 2,400 ரூபாவுக்கு வாங்கினேன். நீளமான கம்பி முனை, சின்னத் திரை, பற்றரியில் ஓடும் சமையல் வெப்பமானி. நான்கு தரம் தோடம்பழ மார்மலேட் (தோலையும் சேர்த்துக் காய்ச்சும் ஜாம்) காய்ச்சிப் பார்த்துவிட்டேன், அதனால் நம்பிச் சொல்கிறேன், வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு ஒரு சோதனை செய்யாமல் பாவிக்க வேண்டாம்.

முதலில் அம்மா சம்மதிக்கவே இல்லை. "பாகு காய்ச்சத் தெரிஞ்ச வீட்டில மெஷின் என்னத்துக்குப் பிள்ளை?" என்றா. பயத்தம்பணியாரத்துக்கு அவ பார்க்கிற கம்பிப்பதம் ஒருநாளும் பிழைத்ததில்லை, அதே கணக்கில்தான் என் முதல் மார்மலேட்டையும் விரலுக்கிடையில் கம்பி இழுக்கும் வரை காய்ச்சினேன். அடுத்த நாள் போத்தலுக்குள் கரண்டி இறங்கவில்லை, டொபி மாதிரி இறுகிவிட்டது. கம்பி விழும் சூட்டுக்கு முன்னாலேயே மார்மலேட் பதம் வந்துவிடுகிறது, கிட்டத்தட்ட 104, 105 பாகை செல்சியஸ். அதை இறுக வைப்பது சீனி மட்டும் அல்ல, தோலின் வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் இருக்கிற பெக்டினும் புளிப்பும் சேர்ந்துதான். சூடாக இருக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும், ஆறினால்தான் இறுகும், அதனால் கண்ணை நம்பி இறக்குவது கஷ்டம்.

சரி, அந்தச் சோதனை. யாழ்ப்பாணம் கடல்மட்டத்துக்குக் கிட்ட இருப்பதால் இங்கே கொதிக்கிற தண்ணீர் 100 பாகை காட்ட வேண்டும் (நுவரெலியா உயரத்தில் 94 அளவில்தான் கொதிக்கும், அங்கே இருப்பவர்கள் மார்மலேட்டை அதற்கேற்பக் குறைந்த சூட்டிலேயே இறக்க வேண்டும்). என்னுடையது 98 காட்டியது. இது தெரியாமல் திரையில் 105 வரும் வரை நின்றிருந்தால் உண்மையில் 107 ஆகி, திரும்பவும் டொபிதான். இப்போது திரையில் 102.5 வந்ததும் அடுப்பை நிறுத்துகிறேன், நான்கு தரமும் சரியாக வந்தது.

நான் செய்யும் அளவு: பச்சைத்தோல் தோடம்பழம் ஒரு கிலோ, தேசிக்காய் ஐந்து, தண்ணீர் இரண்டு லீற்றர், சீனி ஒன்றேகால் கிலோ. வெளிநாட்டில் போடுகிற கசப்புத் தோடை இங்கே லேசில் கிடைக்காது, நம்முடையது இனிப்பு, புளிப்பும் பெக்டினும் குறைவு, அதற்குத்தான் தேசிக்காய். விதைகளைப் பழைய வேட்டித்துண்டில் முடிந்து கூடவே அவிய விடுவேன். தோலை இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும், அதுவரை சீனி போடக்கூடாது, போட்டால் தோல் அதோடு விறைத்துவிடும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் மெதுமையாகாது. அலுமினியச் சட்டி வேண்டாம், பழத்தின் புளிப்புப் பட்டால் உலோகச் சுவை வரும்.

சீனி கரைந்து கொதித்த பிறகுதான் இந்த வெப்பமானியின் அருமை தெரிந்தது. எண் முதலில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு தண்ணீர் வற்ற வற்ற மெல்ல ஏறும், கடைசி இரண்டு பாகை சட்டென்று வந்துவிடும். முந்தி இந்த இடத்தில்தான் கோட்டை விடுவேன். ஆனாலும் பிரிட்ஜில் குளிர வைத்த சின்னப் பீங்கானில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பார்க்கிறேன், மேல்தோல் சுருங்கினால் சரி. அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துத்தான் போத்தலில் விடுவேன், இல்லாவிட்டால் தோல் எல்லாம் மேலே மிதந்துவிடும்.

குறைகளும் இருக்கு. பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது, முக்கியமான நேரத்தில் அது பெரிய எரிச்சல். திரையில் நீராவி படிந்து எண் மறைகிறது. சட்டியின் விளிம்பில் மாட்ட கிளிப் இல்லை, கையில் பிடித்துக்கொண்டு நின்றதில் மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பாகு தெறித்து நல்லாகச் சுட்டுவிட்டது. கம்பி முனை சட்டியின் அடியில் முட்டினாலும் கூடுதலாகக் காட்டும், நடுவில் பிடிக்க வேண்டும். அதே கடையில் கிளிப் வைத்தது 900 ரூபா கூட, என்னைக் கேட்டால் அதை எடுங்கள்.