‘வலியே தெரியாது’ என்று ஆட்டு ஆபரேஷனுக்கு 8,500 ரூபாய் வாங்கியவர்கள்: வேலூர்க்காரர்கள் உஷார்

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கி வளர்த்த பெட்டை ஆடு. முந்தாநாள் ராத்திரி குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. கால்நடை மருந்தகம் பூட்டியிருந்தது. போனில் புக் செய்தால் வீட்டுக்கே டாக்டர் அனுப்பும் ஆன்லைன் சேவை ஒன்று, பெயர் வேண்டாம். சிசேரியனுக்கு 6,000, ‘பெயின் கேர் பேக்கேஜ்’ 2,500, மொத்தம் 8,500 ரூபாய், அதுவும் முன்பணமாக.

பேசிய பெண் அவ்வளவு பதமாகப் பேசியது. “மரத்துப்போக ஊசி போட்டுடுவாங்க சார், அப்புறம் மூணு நாளைக்கு வலி ஊசி. அதுவும் ஒரு உசுருதானே சார்.” ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “பணத்த அனுப்புடா” என்றார். அந்த ‘உசுரு’ என்ற வார்த்தைக்குத்தான் 8,500 போனது.

வந்தவர் ஒரே ஒரு ஊசி போட்டார். ஆடு தலை தொங்கிப் படுத்தது. இடது அள்ளையில் மயிரைச் சிரைத்தார், உடனே கத்தியை வைத்தார். தோல் பிளந்ததும், மயங்கிக் கிடந்த ஆடு நாலு காலையும் உதறிக் கத்தியது பாருங்கள், முன்னங்காலைப் பிடித்திருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மரத்துப்போற ஊசி போடலியா சார்?” என்றேன். “எல்லாம் அதுலயே இருக்கு. ஆடுன்னா கத்தத்தான் செய்யும்.”

குட்டி செத்துத்தான் வந்தது. அதற்கு அவரைக் குறை சொல்லமாட்டேன்.

விடிந்ததும் ஆடு முதுகை வளைத்துச் சுவரைப் பார்த்து நின்றது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. அசை போடவில்லை, அகத்திக்கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. வலி ஊசி எங்கே என்று போன் செய்தால், “டிக்கெட் போட்டிருக்கோம் சார்.” மறுபடி செய்தால், “சேவை முடிஞ்சதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்.” கடைசியாக ஒருவர், “மெடிக்கல்ல டைக்ளோபினாக் வாங்கிக் குடுங்க” என்கிறார். அது போட்ட மாட்டின் பிணத்தைத் தின்னும் கழுகுகள் சாகின்றன என்று 2006லேயே கால்நடைக்குத் தடை செய்த மருந்து அது! 2,500 ரூபாய் பேக்கேஜில் இதுதான் ஆலோசனை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த ஆபரேஷனுக்கு 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் வந்தது.

அரசு கால்நடை டாக்டரிடம், கொட்டகையில் கிடந்த காலி பாட்டில்களைக் காட்டினேன். ஒன்று சைலசின், மற்றது ஆன்டிபயாடிக். அவ்வளவுதான். சைலசின் ஆட்டைக் கிறங்க வைக்கும், வலியையும் கொஞ்ச நேரம் குறைக்கும், ஆனால் வயிற்றைக் கிழிக்க அது போதாது என்றார். வெட்டுகிற இடத்தைச் சுற்றி, மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசி போட வேண்டும். அதையும் எடை பார்த்துத்தான். 30 கிலோ ஆட்டுக்கு 2 சதவீத மருந்து ஏழெட்டு மில்லிக்குள் நிறுத்துவார்களாம், மிஞ்சினால் வலிப்பு வரும். மெலாக்சிகாம் மாதிரி ஒரு வலி ஊசியைக் கத்தி வைப்பதற்கு முன்பே போட்டு, பிறகும் தொடர வேண்டும். அவர் மெலாக்சிகாம் போட்டார், சாயந்திரம் ஆடு அசை போட்டது. ஒரு ஊசி! அதற்குத்தான் நான் 8,500 கட்டியும் அலைந்தேன்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. மயக்க ஊசி வேறு, மரத்துப்போகும் ஊசி வேறு; இரண்டும் உண்டா என்று கத்தி வைக்கும் முன் கேளுங்கள். பில்லில் ‘பேக்கேஜ்’ என்றில்லாமல் மருந்தின் பெயர் இருக்கட்டும். காலி பாட்டிலை எறியாதீர்கள். பல்லைக் கடித்தாலோ அசை போடாவிட்டாலோ ‘சரியாகிவிடும்’ என்பதை நம்பாதீர்கள். பகலென்றால் முதலில் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடியுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டவே கட்டாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இவர்களிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.