கூகுளா, கைட்டா, லேப் மூலையில் ஒரு பெட்டியா? எல்லைப் பள்ளிகளுக்கு எந்த கிளவுட்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரமாகத் தமிழ் பேசும் ஊர்கள். பிள்ளைகள் படிப்பது தமிழ் வழி, பாடத்திட்டம் கேரளாவுடையது, வீட்டில் ஓடுவது தமிழ்நாட்டு டிவி, செல்போன் பிடிப்பது சில நேரம் தமிழ்நாட்டு டவர். பாட வீடியோ, வீட்டுப்பாடம், மார்க் பட்டியல், பிள்ளைகள் செய்த புராஜக்ட் எல்லாவற்றையும் எங்கே வைப்பது என்று பள்ளிக்கூட மீட்டிங்கில் பேச்சு வந்தால், ‘கிளவுட்ல போட்டுடலாம்’ என்று யாராவது ஒருவர் முடித்துவிடுவார். எந்த கிளவுட், யார் பெயரில் கணக்கு, கறண்ட் போனால் என்ன கதி என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த அடுத்த கேள்விகளுக்காகத்தான் இந்த அலசல். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

சொந்தமாக சர்வர் வாங்கி, ஏ.சி. போட்டு, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்குப் பதில், வேறொருவருடைய சர்வரில் வேண்டிய அளவு இடமும் கணிப்புத் திறனும் வாங்கிக்கொள்வதுதான் கிளவுட் கம்ப்யூட்டிங். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற கணக்குதான்: ஆயிரம் பேர் வந்தால் அதற்கேற்ப, நூறு பேர் வந்தால் அதற்கேற்ப. 2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு இசி2 என்ற பெயரில் கம்ப்யூட்டரையே மணிக்கணக்கு வாடகைக்கு விட்டது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-ல் இதற்கு எழுதிய இலக்கணத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. வெறும் கம்ப்யூட்டரையும் இடத்தையும் வாடகைக்குத் தருவது ஒன்று. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான மேடையைத் தருவது இரண்டு. முழு மென்பொருளையே உலாவியில் திறந்து பயன்படுத்தத் தருவது மூன்று. ஜிமெயில், கூகுள் கிளாஸ்ரூம், மைக்ரோசாப்டின் டீம்ஸ் எல்லாம் இந்த மூன்றாவது ரகம். பள்ளிக்கூடத்துக்கு இது ஒன்றே போதும். முதல் இரண்டும் எஞ்சினியரிங் கல்லூரிக்காரர்கள் தலைவலி.

பெரிய கம்பெனிகளின் இலவசப் பதிப்பு

கூகுள், மைக்ரோசாப்ட் இரண்டுமே பள்ளிகளுக்கு இலவசக் கல்விப் பதிப்பு வைத்திருக்கின்றன. கூகுள் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் இடம் தருகிறது. ஒரு உயர்நிலைப் பள்ளி பல ஆண்டு அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. கிளாஸ்ரூமில் வீட்டுப்பாடம் கொடுத்தால் யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்று ஒரே பக்கத்தில் தெரியும். ஒரே கட்டுரையை நான்கு பிள்ளைகள் நான்கு வீட்டிலிருந்து சேர்ந்து எழுதலாம். இது நிஜமாகவே புதுசு, நோட்டில் நடக்காத காரியம்.

ஆனால் நம் பக்கம் பரவலாக நடப்பது வேறு. கல்விப் பதிப்புக்குப் பள்ளியின் பெயரில் டொமைன் (சொந்த இணைய முகவரி) வேண்டும், பள்ளிதான் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வேலைக்கு யார் அலைவது என்று, ஒரு ஆசிரியர் தன் சொந்த ஜிமெயிலிலேயே கிளாஸ் தொடங்கிவிடுகிறார். அங்கே 15 ஜிபிதான், அதுவும் மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. ஆண்டு விழா வீடியோ ஒன்று ஏறினால் திணறும். அவருக்கு மாற்றல் வந்தால் பள்ளியின் கோப்புகளும் அவரோடு பஸ் ஏறும். இரண்டு வருடம் திறக்காத சொந்தக் கணக்கை அழிப்பதற்கான விதியை 2023-ல் கூகுள் கொண்டுவந்திருக்கிறது. ஓய்வு பெற்றவர் கணக்கில் பள்ளியின் பழைய பதிவேடு கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வித்தியாசம் பலர் கவனிப்பதில்லை. கல்விப் பதிப்பின் அடிப்படைச் சேவைகளில் விளம்பரம் கிடையாது, அங்குள்ள தகவலை விளம்பரத்துக்கு எடுப்பதில்லை என்று கூகுள் எழுதிக் கொடுக்கிறது. சொந்த ஜிமெயிலுக்கும், பள்ளிக் கணக்கிலேயே திறக்கும் யூடியூபுக்கும் அந்த ஒப்பந்தம் பொருந்தாது. 2023-ல் வந்த இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ‘இலவசம்தானே’ என்று பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றி, லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதுதான் பயம், சர்வர் மும்பையில் இருக்கிறதா சிங்கப்பூரில் இருக்கிறதா என்பது இல்லை.

பெரிய கம்பெனி என்றால் விழவே விழாது என்றும் இல்லை. 2020 டிசம்பர் 14 அன்று உள்நுழைவுச் சேவையில் சிக்கல் வந்து ஜிமெயில், யூடியூப், கிளாஸ்ரூம் எல்லாம் உலகம் முழுக்க முக்கால் மணி நேரம் படுத்தன. ஆனாலும் நியாயமாகச் சொன்னால், நம் ஊர் லைன் கெட்டுப்போகிற நேரத்தோடு ஒப்பிட்டால் அதெல்லாம் தூசு.

அரசு தருவது

கேரளாவில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம், 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. சம்பூர்ணாவில் மாணவர் பதிவேடு, சமக்ரா தளத்தில் பாடப் பொருள், விக்டர்ஸ் என்ற கல்வி டிவி சேனல், லேப் கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதில் சொந்த லினக்ஸ் என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். 2020 ஜூனில் கொரோனா காலத்தில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கியபோது தமிழ் வழிக்கும் தனியாக வகுப்புகள் எடுத்தார்கள். 2021-ல் கைட்டே கூகுளின் கல்விப் பதிப்பை அரசு டொமைனில் கொண்டுவந்தது. ஆக, கூகுளா அரசா என்பது முழுப் போட்டி இல்லை. அதே கூகுள்தான், சாவி மட்டும் தனி ஆசிரியர் கையில் இல்லாமல் துறையின் கையில். மாற்றல் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. டொமைனுக்கும் அலைய வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மாணவர் பதிவேட்டுக்கு எமிஸ், பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சியும் மணற்கேணி செயலியும். தமிழில் பாடப் பொருள் கொட்டிக் கிடப்பது அங்கேதான். ஆனால் பாடத்திட்டம் வேறு. ஒளி விலகல் இரு பக்கமும் ஒன்றுதான், சமூக அறிவியல் அப்படி இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத் தேர்வு எழுத முடியாது. அறிவியல், கணக்குக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வரலாறுக்கு சமக்ராவைத் திறந்து, உங்கள் வகுப்புக்குத் தமிழ் வழியில் என்ன இருக்கிறது என்று ஜூன் மாதமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு முந்தின வாரம் தேடாதீர்கள்.

கணிப்பொறித் தேர்வையே பாருங்கள். கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐ.டி. செய்முறைத் தேர்வு கட்டாயம். அதன் மென்பொருளை லேப் கம்ப்யூட்டர்களிலேயே நிறுவி நடத்துகிறார்கள். நேரலை இணையத்தை நம்பி ஒரு மாநிலத்தையே பரீட்சை எழுத வைப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. அடுத்த போட்டியாளரைப் பற்றிப் பேச அதுவே போதுமான காரணம்.

லேப் மூலையில் ஒரு பெட்டி

20 நிமிட வீடியோ ஒன்று 150 எம்பி என்று வையுங்கள். லேபில் 20 கம்ப்யூட்டர். எல்லாரும் தனித்தனியாக இணையத்திலிருந்து பார்த்தால் 3 ஜிபி. 20 எம்பிபிஎஸ் இணைப்பை அது முழு 20 நிமிடமும் ஒரு துளி விடாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆபீஸ் ரூமில் சம்பூர்ணா திறக்காது, ஹெச்.எம். வந்து கத்துவார். அதே வீடியோவைச் சாயங்காலம் ஒரே முறை இறக்கி லேபில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் வைத்தால், இறங்க ஒரு நிமிடம். மறுநாள் 20 பேரும் உள்ளூர் வயரில் பார்ப்பார்கள், இணையம் தொடவே வேண்டாம்.

அந்த ஒரு கம்ப்யூட்டர் பழைய டெஸ்க்டாப்பாக இருக்கலாம், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அகலக் குட்டிக் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். ராஸ்பெரி பை பத்து வாட்டுக்கும் குறைவாகத்தான் தின்னும். சின்ன யூ.பி.எஸ். இருந்தால் ஒரு பீரியட் முழுக்கத் தாங்கும். கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே, இணையம் இல்லாத பள்ளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளைப் போட்டால் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ள தமிழ் விக்கிப்பீடியா அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, திறந்த உரிமத்தில். பெட்டியை ரவுட்டரில் செருகி, பிள்ளைகள் உலாவியில் ஒரு எண் முகவரியை அடித்தால் எல்லாம் திறக்கும். மார்க், வினாடி வினா என்று வகுப்பையே நடத்த வேண்டுமென்றால் மூடுல் இருக்கிறது. 2002-லிருந்து இருக்கும் பழுத்த மென்பொருள், தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் அதைக் கட்டி மேய்க்க ஒரு ஆள் வேண்டும்.

பெட்டியின் வியாதியும் அந்த ஆள்தான். ஒருவருக்குத்தான் தெரியும், அவர் லீவு என்றால் லேபே லீவு. ஹார்டு டிஸ்க் சொல்லாமல் சாகும். ஐப்பசி இடியில் லைன் வழியாக வரும் அடி, ஸ்விட்சையும் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஒரே நகல் பெட்டியில் மட்டும் இருந்தால் கதை முடிந்தது. கூகுளின் மாற்றல் பிரச்சினையும் இங்கே வேறு வேஷத்தில் வரும்: பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்த ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பாதுகாப்பு நிபுணர்கள் திட்டட்டும், அடுத்து வருபவருக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் துணை.

பள்ளி நேரம் முடிந்தால் பெட்டிக்கு வேலையில்லை என்பது அதன் பெரிய குறை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது எட்டாது.

யாரும் போட்டியில் சேர்க்காத வாட்ஸ்அப்

உண்மையில் பாதி பள்ளிகளின் கிளவுட் இதுதான். பெற்றோர் கையில் ஏற்கெனவே இருக்கிறது, கற்றுக்கொடுக்க வேண்டாம். பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், தோட்ட வேலைக்குப் போன அம்மா சாயங்காலம் சொல்வார்: “ரேஞ்ச் இல்ல டீச்சர், கெனால் மேட்டுக்கு வந்து நின்னுதான் அனுப்புனேன், ரெண்டு படம் இன்னும் சுத்திட்டே இருக்குது.” வந்த படத்தை வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பியிருக்கும். பென்சிலில் எழுதிய வகுத்தல் கணக்கில் மீதி 3-ஆ 8-ஆ என்று டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நாற்பது பிள்ளைகளின் படங்கள், நடுவில் குட்மார்னிங் ரோஜாக்கள். மூன்று வாரம் கழித்து எதையும் தேடி எடுக்க முடியாது. ஆவணம் வைக்க இது லாயக்கில்லை. நாளைக்கு லீவு என்று சொல்ல இதைவிட நல்லது இல்லை. அவ்வளவுதான்.

எங்கே எதை வைப்பேன்

வகுப்பறைக்குள் நடப்பதைப் பெட்டியில் வைப்பேன்: வீடியோ, அகராதி, விக்கிப்பீடியா, பயிற்சி. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே போகிறதை அரசு டொமைன் கணக்கில் வைப்பேன்: வீட்டுப்பாடம், புராஜக்ட், ஆசிரியர்கள் சேர்ந்து தயாரிக்கும் வினாத்தாள். பெட்டியின் ஒரு நகலும் அங்கேயே ஏறும். அரசுக் கணக்குக்கு வழியில்லாத தனியார் பள்ளி என்றால் டொமைன் வாங்கி, இலவசக் கல்விப் பதிப்பு, நிர்வாகிகள் இரண்டு பேர், ஒருவர் கண்டிப்பாக ஹெச்.எம். சொந்த ஜிமெயில் வேண்டாம், எத்தனை அவசரம் என்றாலும்.

மலைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இந்த விகிதமே மாறும். மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளில் மழை வலுத்தால் கறண்டும் டவரும் ஒன்றாகவே போகும். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்த இரவு, செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. அப்படிப்பட்ட இடத்தில் பாடத்தைக் கிளவுடில் மட்டும் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அங்கே பெட்டிதான் முதலில், கிளவுட் வெறும் நகல். 2023-ல் தொடங்கிய கே-ஃபோன் என்ற கேரள அரசின் இணைய இணைப்பு வாசல்வரை வந்தாலும், அந்த வரிசையை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

எல்லை தாண்டும் பிள்ளைகள் ஒரு தனிக் கணக்கு. பத்தாவது முடித்துத் தமிழ் வழி பிளஸ் ஒன்னுக்கு பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்களின் விவரம் சம்பூர்ணாவிலிருந்து எமிஸுக்குத் தானாகப் போகாது. டி.சி.யைப் பார்த்து அங்கே மறுபடி தட்ட வேண்டும். யுடைஸ் பிளஸ் என்ற நாடு முழுக்கப் பொதுவான பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண்ணை டி.சி. ஓரத்தில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கத்து கிளார்க் உங்களை வாழ்த்துவார். பள்ளி கொடுத்த கூகுள் கணக்கை டி.சி. கொடுத்த மறுநாளே மூடிவிடாதீர்கள். அதில் பிள்ளை மூன்று வருடம் செய்த வேலை இருக்கிறது. பள்ளிக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்குக் கோப்புகளை நகலெடுக்கும் வசதியை கூகுளே தருகிறது, நிர்வாகி அதை அனுமதித்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் லேபில் ஒரு பீரியட் ஒதுக்கி, பத்தாம் வகுப்பு மொத்தத்தையும் உட்கார வைத்துச் செய்ய வைத்தால் போதும். பெரும்பாலும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பிள்ளைக்கு மறந்திருக்கும், அதை மாற்றிக் கொடுக்க நிர்வாகி அன்று லேபிலேயே இருக்கட்டும்.