கே51.012 மட்டுமா, கே51.00-உடன் கே56.609-உமா? அல்சரேடிவ் கொலைடிஸில் குடல் அடைப்புக்கான கோடிங்

அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளி சார்ட்டுகளை (மருத்துவப் பதிவுகளை)ச் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமர்ந்து கோடிங் செய்பவர்களிடையே, அதாவது நோயறிதல்களை ஐசிடி என்ற நோய் வகைப்பாட்டின் குறியீடுகளாக மாற்றுபவர்களிடையே, அல்சரேடிவ் கொலைடிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் நாட்பட்ட அழற்சி) நோயாளிக்குக் குடல் அடைப்பும் சேர்ந்துவிட்டால் எந்தக் குறியீட்டை இடுவது என்பதில் இன்னமும் இரண்டு தரப்புகள் உள்ளன. பெருங்குடல் முழுவதும் பாதித்த பான்கொலைடிஸை எடுத்துக்கொண்டால், நோயையும் அடைப்பையும் சேர்த்துச் சொல்லும் கே51.012 என்ற ஒரே கூட்டுக் குறியீடு போதும் என்கிறது ஒரு தரப்பு. கொலைடிஸுக்குக் கே51.00, அடைப்புக்குக் கே56.609 என்று தனித்தனியே இட்டால்தான் நோயின் முழு நிலையும் தெரியும் என்கிறது மற்றது.

இரண்டாம் தரப்பின் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 செப்டம்பர் முடிய அமெரிக்காவில் நடைமுறையில் இருந்த ஐசிடி-9-சிஎம்மில் (ஐசிடியின் பழைய அமெரிக்கப் பதிப்பில்) இதற்கெனக் கூட்டுக் குறியீடு கிடையாது, பான்கொலைடிஸுக்கு 556.6, அடைப்புக்கு 560.9 என்று இரண்டைத்தான் இட வேண்டியிருந்தது. 2015 அக்டோபர் 1 முதல் வந்த ஐசிடி-10-சிஎம், கே51 வகையில் சிக்கலையும் குறியீட்டுக்குள்ளேயே அடக்கிவிட்டது. கே51.0 பான்கொலைடிஸ், கே51.2 மலக்குடல் அழற்சி, கே51.5 இடப்பக்கக் கொலைடிஸ் என்று இடம் முதலில் வருகிறது. அதன் பின் கடைசி இலக்கம் 1 ஆனால் இரத்தக்கசிவு, 2 ஆனால் அடைப்பு, 3 ஆனால் ஃபிஸ்டுலா (இயல்பற்ற துளைப்பாதை), 4 ஆனால் சீழ்க்கட்டி.

இந்த அமைப்பில் இரட்டைக் குறியீடு தவறு என்பதற்கு முதல் காரணம் கே51.00-இன் தலைப்பிலேயே இருக்கிறது: அது 'சிக்கல்கள் அற்ற' பான்கொலைடிஸ். அடைப்பு இருக்கும் நோயாளிக்குச் சிக்கல் இல்லை என்று ஒரு வரியிலும், அடைப்பு உண்டு என்று அடுத்த வரியிலும் எழுதுவது ஒரே கிளெய்முக்குள் முரண்பாடு. அடுத்ததாக, கே56.609 அடங்கிய கே56.60-இன் கீழ் உள்ள எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு (சேர்த்து இடக்கூடாதவற்றைச் சொல்வது), காரணம் தெரிந்த அடைப்பை அந்தக் காரண நோயின் கீழேயே குறிக்கச் சொல்கிறது. பணமும் இதில் அடங்கியுள்ளது. கே51.012 முதன்மை நோயறிதலானால் கேஸ் அழற்சிக் குடல் நோய்க்கான எம்எஸ்-டிஆர்ஜி (மருத்துவமனைக்குத் தரும் தொகையைத் தீர்மானிக்கும் நோய்க்குழு) 385 முதல் 387 வரையிலான குழுவுக்குப் போகும், கே56.609 முதலில் வந்தால் குடல் அடைப்புக்கான 388 முதல் 390 வரையிலான குழுவுக்கு மாறிவிடும். எது கூடுதல் தொகை தரும் என்று பார்த்து வரிசையை மாற்றினால், ஆடிட்டில் முதலில் அகப்படுவது இந்தக் கேஸ்தான்.

ஆனால் இரட்டைத் தரப்பின் ஒரு வாதத்துக்கு வலுவுண்டு. 2017 அக்டோபர் 1 முதல் கே56.60 பகுதி அடைப்பு, முழு அடைப்பு, குறிப்பிடப்படாதது என மூன்றாகப் பிரிந்தது, கே51.012-இல் அந்த வேறுபாடு இல்லை. கூட்டுக் குறியீடு சிக்கலை முழுமையாக விவரிக்காவிட்டால் கூடுதல் குறியீடு இட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. அப்படியானால் பகுதி அடைப்புக்குக் கே56.600-ஐச் சேர்க்கலாமே என்பது அவர்கள் கேள்வி. என் கணிப்பில் சேர்க்க முடியாது, கே56.600-இன் தலைப்பே 'காரணம் குறிப்பிடப்படாத' பகுதி அடைப்பு என்பது, கொலைடிஸே காரணம் என்று சொல்லும் கே51.012-க்கு அருகில் அது எப்படி நிற்கும்? விவரத்தில் ஓர் இழப்பு இருப்பது உண்மைதான். ஆனால் அது வகைப்பாட்டின் குறை. அதைக் கோடர் தன் பொறுப்பில் நிரப்ப வழியில்லை.

இதைவிடச் சிக்கலானது காரணத் தொடர்பு. ஐசிடி-10-சிஎம்மின் அகரவரிசை அட்டவணையில் அல்சரேடிவ் கொலைடிஸின் கீழ் 'வித்' (உடன்) என்ற தலைப்பில் அடைப்பு இடம்பெறுவதால், மருத்துவர் இரண்டையும் இணைத்து எழுதாவிட்டாலும், தொடர்பில்லை என்று அவர் தெளிவாக எழுதாத வரை, தொடர்பு உண்டென்றே கொள்ள வேண்டும் என்பது விதி. கோடிங்குக்கு இது வசதிதான். மருத்துவமோ சற்று வேறு மாதிரி பேசுகிறது. இன்னொரு அழற்சிக் குடல் நோயான கிரோன்ஸ் நோய் குடல் சுவர் முழுவதையும் தாக்குவதால் அதில் குறுக்கமும் அடைப்பும் சாதாரணம். அல்சரேடிவ் கொலைடிஸ் பெரும்பாலும் உட்படலத்தோடு நின்றுவிடுவதால் அடைப்பு அரிது, நெடுநாள் நோயாளிக்குப் பெருங்குடலில் குறுக்கம் தென்பட்டால் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படும் வரை மருத்துவர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆகவே 'வித்' விதியை மட்டும் நம்பி கே51.012-ஐ இட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகாமல், பயாப்சி முடிவையும் அறுவைக் குறிப்பையும் ஒரு முறை படிப்பது நல்லது. பழைய அறுவையால் உண்டான ஒட்டுதல்களே (வடுத் திசு இணைப்புகளே) அடைப்புக்குக் காரணம் என்று அறுவை நிபுணர் எழுதியிருந்தால் கே51.00-உம், பகுதி அடைப்பெனில் கே56.51-உம், முழு அடைப்பெனில் கே56.52-உம் வரும். இரண்டு குறியீடுகள் சரியாகும் இடம் இதுதான்.

சார்ட் எழுதப்படும் விதமும் இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறது. சிடி அறிக்கையில் 'விரிந்த குடல் வளையங்கள், தெளிவான மாறுமுனை' (விரிந்த குடல் சட்டெனச் சுருங்கும் இடம்) என்று கதிரியக்க நிபுணர் எழுதியிருக்க, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கொலைடிஸ் தீவிரமடைந்தது, மூக்குக் குழாய் பொருத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அடைப்பு என்று கோடரே முடிவு செய்ய முடியாது. சிகிச்சை தரும் மருத்துவர் அதை எழுதியிருக்க வேண்டும். இங்கே மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புவதே வழி. 'குடல் அடைப்பு என்று எழுதலாமா?' என்று கேட்பது பதிலைத் திணிப்பதாகும். சிடி கண்டுபிடிப்பையும் குழாய் பொருத்தியதையும் சுட்டி, இவற்றுக்குரிய நோயறிதல் அடைப்பா, இலியஸா (குடல் அசைவு நின்றுபோதலா), நச்சுப் பெருங்குடல் விரிவா, வேறெதுவுமா, தீர்மானிக்க இயலாததா என்று கேட்க வேண்டும். இலியஸ் கே56.7-க்கும், நச்சுப் பெருங்குடல் விரிவு கே59.31-க்கும் போவதால், மருத்துவரின் ஒரு சொல்லில் குறியீடே மாறிவிடும். அதே குவெரியில் நோயின் இடத்தையும் கேட்டுவிடலாம். இடம் தெரியாத கே51.912-ஐ இடுவது தவறல்ல என்றாலும், கொலொனோஸ்கோபி அறிக்கை கையில் இருக்கும்போது அது சோம்பல்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-ஐப் பயன்படுத்தும் மருத்துவமனைகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதில் கே51-க்கு நான்காம் இலக்கத்துக்கு மேல் இல்லை என்பதால் அடைப்புக்குக் கே56.6-ஐத் தனியாக இட்டாக வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-இலும் கொலைடிஸுக்கான டிடி71 தொகுதியோடு அடைப்புக்கான குறியீட்டைச் சாய்கோட்டால் கோத்து எழுதலாம். அமெரிக்க சார்ட்டும் உள்நாட்டுப் பதிவும் ஒரே மேசைக்கு வருகிற இடங்களில், எந்த வகைப்பாட்டின்படி குறியீடு கேட்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.