பழவேற்காடு: ஒரு நாள் போதாது

தடாவிலிருந்து தை மாசம் அம்மாவை பைக்கில் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போனேன். ஏரியின் பெரும்பகுதி எங்கள் ஆந்திரப் பக்கம்தான். பூநாரைகளைச் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன். என்னை நிறுத்தி வைத்தது டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே அழியாத டச்சு எழுத்துகள். விரலால் தடவித் தடவி ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையோ இன்று வெறும் புதர்மேடு. வயிறு எரிந்தது.

சின்ன பள்ளிவாசலில் நிழல் கடிகாரம் இருக்கிறது, விடாதீர்கள். இஸ்லாமியப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்றை அம்மா வாங்கினார். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

சாப்பிட்ட மெஸ்ஸில் இறால் தொக்கு அருமை, நண்டுக் குழம்பில் மட்டும் உப்பு தூக்கல். சுத்தமான கழிப்பறை கிடைக்காமல் அம்மா பட்ட பாடு பெரிது. பொன்னேரியிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.