முயல் மிட்டாய், சூகஸ், டோடோல்: மெல்லும் இனிப்புகளில் முதலிடம் எதற்கு?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரத்தில், கடித்து நொறுக்காமல் மென்று தின்னும் இனிப்பு வேண்டும் என்றால் மூன்று வகைகள் எளிதில் கிடைக்கும். சீனர் மளிகைக் கடையில் ஒயிட் ராபிட் என்னும் முயல் மிட்டாய் இருக்கும். பக்கத்திலேயே வண்ணத் தாளில் சுற்றிய சூகஸ் இருக்கும். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மலாய் இனிப்பான டோடோல் வந்துவிடும். மூன்றும் மூன்று நாகரிகங்களிலிருந்து வந்தவை என்றாலும், மெல்லும்போது பல்லுக்கும் நாவுக்கும் எது அதிக இன்பம் தருகிறது, நம் ஊரின் வெப்பத்தையும் ஈரக்காற்றையும் எது தாங்குகிறது, நம் வீடுகளில் எதை எல்லோருக்கும் தயக்கமின்றி நீட்டலாம் என்ற கேள்விகளைக் கொண்டு அவற்றை ஒரே தராசில் நிறுத்தலாம்.

முயல் மிட்டாயின் வரலாறே தனிச் சுவை உடையது. ஷாங்ஹாய் நகரின் ஏபிசி மிட்டாய்த் தொழிற்சாலை, ஆங்கிலேயர்களின் பால் மிட்டாயைப் பின்பற்றி, 1943-இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. அப்போது உறையில் இருந்த படம் மிக்கி மவுஸ். 1950-களில் தொழிற்சாலை அரசுடைமையானபின், அந்த அமெரிக்க எலி அந்நிய மோகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டதால், அதன் இடத்தை வெள்ளை முயல் பிடித்தது. 1959-இல் சீன மக்கள் குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு இந்த மிட்டாய் அன்பளிப்புப் பொருளாக வழங்கப்பட்டது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் சென்றபோது பிரதமர் சூ என்லாய் இதனைப் பரிசளித்தார். ஏழு மிட்டாய் தின்பது ஒரு குவளை பால் குடிப்பதற்குச் சமம் என்ற விளம்பர வாசகமும் சீனாவில் பெயர்பெற்றது. அதை நம்பி யாரும் பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்துவிடக் கூடாது. பால் சேர்ந்திருந்தாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையும் சர்க்கரைப் பாகும்தான்.

ஆனால் அந்தப் பாலின் மணம் பொய்யன்று. வெளியுறையைப் பிரித்தால் உள்ளே மெல்லிய கண்ணாடித் தாள்போல் இன்னோர் உறை ஒட்டியிருக்கும். மாவுப்பொருளால் ஆன அந்தத் தாளை உரிக்கத் தேவையில்லை. நாவில் வைத்ததும் கரைந்துவிடும். பிஞ்சு வயதில் அதை நகத்தால் சுரண்டி எடுக்க முயலாத பிள்ளை நம் ஊரில் குறைவு. இந்தத் தாளை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. பேராக்கின் மழைக்காலத்தில் சாதாரண டாஃபி தன் உறையோடு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ள, தாளோடு சேர்த்தே மென்று துப்ப வேண்டியிருக்கும். முயல் மிட்டாயில் ஒட்டும் பகுதியையே உண்ணும் பகுதியாக ஆக்கிவிட்டதால், வெளியுறை சுத்தமாகப் பிரிந்து வருகிறது. நம்மைப் போன்ற ஈரநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மிட்டாய் உறையை நான் அறியேன்.

மெல்லும் அனுபவத்திலும் அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வழுவழுப்பான தாள் கரைகிறது. அடுத்து மெழுகுபோல் இறுக்கமாக இருக்கும் மிட்டாய், வாயின் சூட்டில் மெல்ல இளகுகிறது. அதன் பின்னரே பாலும் வெண்ணெயும் கலந்த சுவை முழுமையாக வெளிப்படுகிறது. மால்டோஸ் என்னும் சர்க்கரை வகையின் பாகு, மிட்டாயிலுள்ள சர்க்கரை மணல்போலப் படிகமாவதைத் தடுக்கிறது. ஜெலட்டின் என்னும் பசைப்பொருள் இழுவையைத் தருகிறது. அவசரப்பட்டுக் கடிப்பவருக்கு இது பிடிபடாது. பொறுத்திருப்பவருக்கு ஒரே மிட்டாய் நெடுநேரம் வரும்; பத்துக் காசுக்கும் கணக்குப் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த நீடிப்பே பெரும் செல்வம்.

இதன் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. சீனாவில் பாலில் மெலமின் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்த மோசடி 2008-இல் வெளிப்பட்டது. புரத அளவைக் கண்டறியும் வழக்கமான சோதனை நைட்ரஜனை மட்டுமே அளப்பதால், நைட்ரஜன் மிகுந்த மெலமினைச் சேர்த்து, நீர் கலந்த பாலையும் தரமானதாகக் காட்ட முடிந்தது. சிங்கப்பூரில் நடந்த சோதனையில் முயல் மிட்டாயிலும் அது கண்டறியப்பட்டு, விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் விற்பனையை நிறுத்திவிட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கினர். மிட்டாயைப் போற்றும்போது இதை மறைப்பது நேர்மையாகாது.

சூகஸைப் பற்றி நீட்டிச் சொல்ல அவ்வளவு இல்லை. சுவிட்சர்லாந்தின் சூஷார்ட் நிறுவனம் 1931-இல் அறிமுகப்படுத்திய இந்தச் சதுரப் பழமிட்டாய், 2005-இல் ரிக்லி நிறுவனத்தின் கைக்கு மாறியது; அந்த நிறுவனத்தை 2008-இல் மார்ஸ் வாங்கியது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வாயில் உடனே நீர் ஊறச் செய்வதில் இதனை வெல்ல முடியாது. வகுப்பில் பிறந்தநாளுக்குப் பங்கிட வண்ணவண்ணமாக இருப்பதும் வசதிதான். இருப்பினும் அதன் இழுவை குறுகியது. சில கடிகளிலேயே உடைந்து கரைந்துவிடுவதால், மெல்லுதல் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் அது முயல் மிட்டாய்க்கு அடுத்த படியில்தான் நிற்கிறது.

டோடோல் முற்றிலும் வேறு இனம். புலுட் என்னும் ஒட்டரிசி மாவு, தேங்காய்ப்பால், குலா மலாக்கா என்னும் பனைவெல்லம் ஆகியவற்றைக் கவா என்னும் பெரிய வாணலியில் ஊற்றி, விறகடுப்பில் பல மணி நேரம், அடிபிடிக்காமல், ஆள் மாற்றி ஆள் கிண்டினால்தான் அது கருத்துத் திரண்டு எண்ணெய் கக்கும். இழுவையைத் தருவது இங்கே ஜெலட்டின் அன்று, அரிசியின் மாவுச்சத்து. ஆகவே பல்லில் ஒட்டினாலும் ரப்பர்போல் எதிர்க்காது. கைப்பக்குவத்தை மதிப்பவர்கள் இதற்கே முதலிடம் கொடுப்பார்கள். அவர்களோடு வாதிட எனக்கு மனமில்லை. எனினும் சில நாள்களில் இறுகத் தொடங்குவதும், தேங்காய்ப்பால் காரணமாக நெடுநாள் தாங்காததும் அதன் குறைகள். ஆண்டு முழுவதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் மிட்டாயாக அது ஆக முடியாது.

இனி வீட்டில் யாருக்குக் கொடுப்பது என்பது. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை இருந்தால் அது பன்றியிலிருந்து வரவில்லை என்று அறியலாம். மாட்டிலிருந்து வந்ததா என்பதை அந்த முத்திரை சொல்லாது. மாட்டிறைச்சி உண்ணாத நம் இந்துக் குடும்பங்களும் சைவ உணவுக்காரர்களும் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகின்றனர். முயல் மிட்டாயோ சூகஸோ, உறையிலுள்ள சேர்மானங்களைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். தீபாவளித் தட்டில் விரதம் இருக்கும் பாட்டிக்கும் தயங்காமல் வைக்கக்கூடியது டோடோல் ஒன்றே. பொய்ப்பல் கட்டியவர்களுக்கும், புதிதாகக் கிண்டியதாக இருந்தால், அதுவே ஏற்றது.

என் தீர்ப்பு முயல் மிட்டாய்க்கே. வாங்கும்போது ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள்: கல்லாக இருந்தால் பழையது, சிறிது வளைந்து கொடுத்தால் நல்லது. வாங்கியதை மூடியுள்ள டின்னில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிப்போய், பல்லில் அடைத்த சிமெண்டையே பெயர்த்துவிடும்.