முதல் வேலைக்கு மளிகைக் கடையா, சூப்பர் மார்க்கெட்டா?

தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டான். கல்லூரி திறக்கும் வரை ஏதாவது கடையில் வேலை பார்க்கிறேன் என்கிறான். எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். இரண்டிலும் ஆள் தேவை. நான் இரண்டு வகைக் கடையிலும் இருந்தவன். 2017 கோடையில் பிளஸ் டூ முடித்த கையோடு மதுரையில் ஒரு மளிகைக் கடை, அடுத்த ஆண்டு கல்லூரி விடுமுறையில் ஒரு சூப்பர் மார்க்கெட். தம்பியிடம் மளிகைக் கடைக்குப் போ என்றுதான் சொன்னேன்.

வசதியில் போட்டியே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஏசி, சீருடை, வார விடுமுறை எல்லாம் உண்டு. சம்பளம் வங்கிக் கணக்கில் வந்துவிடும். மளிகைக் கடையில் எனக்கு நாளுக்கு 200 ரூபாய், அதுவும் சனிக்கிழமை இரவு கையில். மாதக் கணக்குப் போட்டால் சூப்பர் மார்க்கெட்டில் ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கிடைத்தது. உடம்பு வலி இரண்டிலும் ஒன்றுதான். ஓரிடத்தில் மூட்டை தூக்கினேன், மற்றதில் எட்டு மணி நேரம் நின்றேன். அப்போது பில்லிங் கவுன்ட்டரில் நாற்காலி கிடையாது. 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். இப்போது சேர்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சரக்கு அறிவு என்று பார்த்தால் மளிகைக் கடைதான். வாரத்தில் ஒரு நாள் அண்ணாச்சியோடு கீழமாசி வீதிக்குக் கொள்முதலுக்குப் போவேன். சாக்கில் கைவிட்டு ஒரு பிடி உளுந்தை அள்ளி உள்ளங்கையில் பரப்புவார். உடைசல் எவ்வளவு, வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். குண்டு மிளகாயை ஒடித்து விதையைப் பார்ப்பார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அந்த நெடி எனக்குத் திரும்ப மூக்கில் ஏறியது. சூப்பர் மார்க்கெட்டில் நான் கற்றதில் உருப்படியானது ஒன்றுதான். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால், காலாவதி நெருங்குவது தனியாக. அதை இன்றும் வீட்டு அலமாரியில் கடைப்பிடிக்கிறேன். பில் போடும் மென்பொருளுக்கு இரண்டு நாள் போதும்.

ஆனால் நான் மளிகைக் கடை என்று சொல்வதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. செய்த தவறு எப்போது தெரிய வருகிறது என்பதுதான். பதினேழு வயதில் முதல் வேலைக்குப் போகிறவன் தவறு செய்யாமல் இருக்க முடியாது. அது அந்த நிமிடமே தெரிந்தால் கற்றுக்கொள்வான். இரவில் தெரிந்தால் பயம்தான் மிஞ்சும்.

மளிகைக் கடையில் சேர்ந்த முதல் வாரம், மாதத்தின் ஆரம்பம். மாதச் சாமான் வாங்கக் கூட்டம் அலைமோதியது. பதினாலு பொருள் கொண்ட ஒரு சிட்டையைக் கூட்டி நீட்டினேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி, எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகவே அதைக் கூட்டிவிட்டார். "தம்பி, ஒன்பதாவது வரியப் பாரு" என்றார். துவரம்பருப்பு ஒரு கிலோ எடுத்துவிட்டு அரைக் கிலோ விலை எழுதியிருந்தேன். பணம் வாங்குவதற்கு முன்பே திருத்தியாகிவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம் ஒருநாள் சீரகம் கேட்டவருக்குச் சோம்பு கட்டப் போனேன். பொட்டலத்தை மடிக்கும் முன் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "மோந்து பாரு" என்றார். அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அவர் என் சிட்டையைக் கூட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு என்று அதைத்தான் நினைக்கிறேன்.

சூப்பர் மார்க்கெட்டில் ஓர் இரவு என் கல்லாவில் 340 ரூபாய் குறைந்தது. அன்று இருநூறு பில்லுக்கு மேல் போட்டிருந்தேன். எந்தப் பில்லில், யாருக்குக் கூடுதலாகச் சில்லறை கொடுத்தேன்? எப்படிக் கண்டுபிடிப்பது? சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வழி தெரியவில்லை. மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தார்கள். பணம் போனதைவிட, என்ன தவறு செய்தேன் என்று தெரியாமல் போனதுதான் வலித்தது. அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு நோட்டையும் மூன்று முறை எண்ணினேன். வரிசை நீண்டதே தவிர வேலை எனக்குப் பிடிபடவில்லை.

மளிகைக் கடையின் பெரிய குறை நேரம். "கொஞ்ச நேரம் இருப்பா" என்பார்கள், பார்த்தால் மணி பத்தாகியிருக்கும். பதினேழு வயது முடியாதவர்களை நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேலோ, காலை 6 மணிக்கு முன்போ இரவு 7-க்குப் பின்போ கடையில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சேரும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

நான் பார்த்தது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடைதான். என் அண்ணாச்சி குரலை உயர்த்தாதவர். வாடிக்கையாளர் முன்னால் கத்துகிற முதலாளி வாய்த்திருந்தால் இதையே எழுதியிருப்பேனா என்று சொல்ல முடியாது. பெண் பிள்ளைகளுக்கு நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். என்னோடு சூப்பர் மார்க்கெட்டில் இருந்த பெண்கள், கழிப்பறை இருக்கிறது, கூடப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதற்காகவே அங்கே வந்ததாகச் சொன்னார்கள். அது நியாயமான காரணம்.

தம்பிக்குப் பதினேழு முடிந்துவிட்டது. இருந்தாலும் அந்த ஏழு மணி நேரத்தை வைத்துத்தான் தெருமுனைக் கடையில் பேசினேன். காலை 9 முதல் மாலை 5, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். திங்கட்கிழமை சேர்கிறான். அம்மா நேற்று இரவே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, சீரகத்தையும் சோம்பையும் அவனை மோந்து பார்க்க வைத்துவிட்டார்.